எடுல பின்னால

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஸ்கேன் சென்டரில் கூட்டம் தாங்கவில்லை. வயிற்று ஸ்கேனுக்கு வந்தவர்கள் எல்லாரும் தண்ணீரைக் குடித்துவிட்டு, எப்போது கூப்பிடுவாய் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சாப்பிடும்போது ஷமீம் போனை நீட்டினாள். பில் கவுண்டரில் என் பக்கத்து நாற்காலிக்காரி. எது பார்த்தாலும் எனக்குக் காட்டாமல் இருக்க மாட்டாள்.

"வடிவுக்கா, இதப் பாருங்களேன். இன்னைக்கு வந்த படம். தியேட்டரே கத்துது."

இருட்டில் யாரோ எடுத்த வீடியோ. திரையில் சேற்று நிறத்தில் வெள்ளம். ஒரு ஆள் கத்துகிறான். கூடவே தியேட்டர் முழுக்கக் கத்துகிறது: "என்னமோ வருதுல! எடுல பின்னால!" பிறகு விசில், சிரிப்பு.

நான் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

"என்னக்கா?" என்றாள்.

"உப்பு கூடிப்போச்சு" என்றேன்.

வீட்டுக்கு வந்து அத்தைக்குத் தோசை ஊற்றினேன். ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் எத்தனையோ பேர் அப்படிப் பேசுவார்கள். யார் குரலாகவும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 9, சனி

அவர் குரல்தான்.

சென்டரில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு மேட்னி போனேன். படத்தின் பெயர் 'கசம்'. ஆற்றில் இருக்கும் ஆழக் குழியைத்தான் அப்படிச் சொல்வார்கள். காலேஜ் பையன்கள் சிலர் கேமராவோடு ஆற்றுக்குள் வாழும் ஏதோ ஒன்றைத் தேடிப் போகிறார்கள், திரும்பவில்லை, அவர்களுடைய கேமரா மட்டும் கிடைக்கிறது, அதில் பதிவானதுதான் படம் என்று கதை. படம் முழுக்க ஆடிக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தலை சுற்றியது. "முழுக்க முழுக்க உண்மையில் கிடைத்த காட்சிகள்" என்று ஆரம்பத்தில் போடுகிறார்கள். முக்கால்வாசியும் பொய்.

இடைவேளைக்குப் பிறகு அந்தத் தரைப்பாலம் வருகிறது. அது பொய் இல்லை.

அவரைக் கொண்டுபோன வெள்ளத்தன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்த டவுன் பஸ்ஸிலிருந்து யாரோ எடுத்த வீடியோ அது. அப்போது எனக்குப் பத்துப் பதினைந்து பேர் அனுப்பினார்கள். வர வர அழித்தேன். ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை. தான் ஓட்டிவந்த பிஸ்கட் கம்பெனி வேனை இக்கரையில் நிறுத்திவிட்டு, எதிரே வந்த பஸ்ஸைத் தடுக்க இவர் பாலத்தில் இறங்கி நடந்தார், வேரோடு வந்த புளியமரம் இவரைப் பாலத்தோடு சேர்த்து அடித்துக்கொண்டு போனது. இவ்வளவுதான் எனக்குச் சொன்னார்கள். இவ்வளவு போதும் என்று இருந்தேன்.

சண்டாளன்கள் பஸ்ஸை வெட்டிவிட்டார்கள். முகத்தை இருட்டாக்கிவிட்டார்கள். புளியமரத்துக்குப் பதிலாகக் கறுப்பாக ஒரு முதுகும் அதன்மேல் முள்ளுமுள்ளாக என்னவோவும் போட்டிருக்கிறார்கள். குரலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். "வராதிய! என்னமோ வருதுல! எடுல பின்னால!"

பஸ் இல்லாமல் பார்த்தால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. அதனால்தான் சிரிக்கிறார்கள். பின்சீட்டில் ஒருத்தன் சொன்னான்: "யார்ட்டல ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுதான்? பேய்ட்டயா?" அவன் கூட்டாளிகள் சீட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். என் சீட்டு ஆடியது.

கடைசிவரை இருந்தேன். பெயர் போடும்போது "நன்றி: இணையம்" என்று வந்தது. இணையத்துக்கா நான் தாலி கட்டிக்கொண்டேன்?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

படத்தைப் பார்த்துவிட்டு முகத்தை முகத்தைக் காட்டி வீடியோ போடுகிறவன் ஒருத்தன். நெற்றியில் முடி விழுந்திருக்கிறது, அதை ஒதுக்கிக்கொண்டே பேசுகிறான். "அந்தப் பாலத்து சீன்ல கத்துறவரு மட்டும் கொஞ்சம் ஓவர் ஆக்டிங் ப்ரோ. மத்தபடி வேற மாதிரி படம்."

கீழே எழுதினேன். "அது நடிப்பு இல்லை. அவர் பெயர் இசக்கிராஜ். என் கணவர். அந்த இடத்தில் இறந்துபோனார்."

துணி ஊற வைத்துவிட்டு வந்து பார்ப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன.

"படக் கம்பெனி எவ்வளவு குடுத்தாங்க அக்கா?"

"ப்ரமோஷன் வேற லெவல்."

"அப்ப நீங்க ஆவியோட சம்சாரமா?"

"நம்பிட்டேன்" என்று ஒருவன். பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் பொம்மைகள்.

உண்மைக் காட்சிகள் என்று அவர்களே விளம்பரம் செய்துவிட்டதால் நான் சொல்லும் உண்மையும் விளம்பரத்தில் சேர்ந்துவிட்டது. இதை யோசித்தவன் கெட்டிக்காரன். அவன் கை விளங்காமல் போக.

ஆத்திரத்தில் துணியை அடித்துத் துவைத்ததில் அத்தையின் ஜாக்கெட் தோள்பக்கம் கிழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

கல்லடைப்புக்கு ஸ்கேன் எடுக்க வந்த ஒரு பையனின் போன் அடித்தது. என்னமோ வருதுல, எடுல பின்னால. அவன் பெயர் கூப்பிடும் முறை வந்தபோது அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அதற்கடுத்த பெயரையும். சாயங்காலம்வரை உட்கார வைத்தேன். கேட்டதற்கு மெஷின் சரியில்லை என்றேன். பாவம் என்று ஷமீம் சொன்னாள். பாவம்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

மறுபடி போக வேண்டியதாயிற்று. வக்கீலைப் பார்ப்பதென்றால் எந்த இடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது என்று சரியாகச் சொல்ல வேண்டுமல்லவா? அதற்காகத்தான்.

கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்தக் காட்சியில் அந்தப் பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள். அவள் புருஷன் மற்றவர்களோடு சேர்ந்து கத்தினான். முன்வரிசையில் ஒரு காலேஜ் பெண் மட்டும் "ஐயோ" என்றாள். அவளையும் தோழிகள் கிண்டல் செய்தார்கள்.

"வராதிய" என்று சொல்லும்போது அவருக்குக் குரல் லேசாகப் பிசிறுகிறது. சளி பிடித்திருந்தது அந்த வாரம். கஷாயம் போட்டுக் கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வக்கீல் ஹெப்சிபாவைப் பார்த்தேன். ஷமீமின் அண்ணனுக்குத் தெரிந்தவர். என்னைவிடச் சின்ன வயசு. முழுவதையும் கேட்டுவிட்டு, "படத்தையே நிறுத்தணும்னு கேட்டா வருஷக்கணக்குல இழுக்கும். அந்தக் குரலை எடுக்கணும், காட்சியை எடுக்கணும்னு நோட்டீஸ் விடுவோம். பேர் கெட்டுடும்னு பயந்தே செய்வாங்க" என்றார்.

"எடுக்கணும்" என்றேன்.

"குரல், காட்சி ரெண்டும்?"

"ரெண்டும். அந்தச் சிரிப்பு நிக்கணும்."

"உங்க வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தானே?"

வீட்டில் என்ன எல்லாரும்? நானும் அத்தையும்தான். சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. அரிசி, பருப்பு வாங்கினேன். தியேட்டர் வழியாக வந்ததில் பெரிய கூட்டம். அவர்களை மாடு முட்ட.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அத்தைக்குத் தெரிந்துவிட்டது.

எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தபோது விளம்பரம் போட்டிருக்கிறான். அத்தை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையோடு அப்படியே எழுந்து அவர்கள் வீட்டுக்குள் போய் நின்றிருக்கிறாள். திரும்பி வந்து அடுப்படியில் என்னிடம் கேட்டாள்.

"வடிவு, எம்புள்ள குரலு டிவியில வருது. நீ கேட்டியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாம் சொன்னேன். வக்கீலைப் பார்த்ததையும் சொன்னேன்.

"எதுக்கு எடுக்கச் சொன்ன?"

"அங்க சிரிக்கானுவ அத்த. கூட்டமா உக்காந்து சிரிக்கானுவ."

"சிரிச்சிட்டுப் போறானுவ. என்னைய ஒரு தரம் கூட்டிட்டுப் போ. கண்ணுதான் சரியாத் தெரியாது, காது கேக்கும்லா."

"வேண்டாம் அத்த. உங்களுக்குத் தாங்காது."

"உனக்குத் தாங்குதா?" கையிலிருந்த கீரையைப் பாத்திரத்தில் போட்டாள். "மூணு தரம் போயிருக்க. உன் பையி மேல டிக்கெட்டு துருத்திக்கிட்டு நிக்கி. நீ மட்டும் கேட்டுக்கிடுவ. பெத்தவ கேக்கக் கூடாது."

சாட்சிக்குத்தான் போனேன் என்றேன். மூன்று தடவைக்கும் மேல் என்பதை நான் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை டிக்கெட்டுகள் புடவை மடிப்புக்குள் இருந்தன.

ஆகஸ்ட் 18, திங்கள்

அத்தை பேசவில்லை. கீரை அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

டைரக்டர் போனில் வந்தான். பரணீதராம். நோட்டீஸ் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. சென்டரின் பின்பக்கம், ஆக்சிஜன் சிலிண்டர் வைக்கும் இடத்தில் நின்று பேசினேன்.

"மேடம், ரொம்ப சாரி. அது நெட்டுல எல்லார்கிட்டயும் இருந்த வீடியோ. யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாது."

"தேடினீங்களா?"

"இல்ல மேடம், அது வந்து..."

"செத்துப்போனவரு பேரு அன்னைக்கு எல்லாப் பேப்பர்லயும் வந்துது. தேடினா கெடைச்சிருக்கும்லா?"

அப்புறம் சொன்னான்: "உண்மையச் சொல்லணும்னா, அந்தக் குரல்தான் மேடம் படத்தோட உயிரே. நிறைய டப்பிங் ஆர்ட்டிஸ்ட வச்சுப் பார்த்தோம். யாராலயும் அப்படிக் கத்த முடியல."

"கத்தலை. பஸ்ஸை நிறுத்தினாரு."

"பஸ்ஸா?"

"எடுல பின்னாலன்னு யார்ட்டச் சொன்னாருன்னு நெனச்சிய? பஸ் டிரைவர்ட்ட. நீங்க வெட்டிப் போட்டியளே, அந்த பஸ்ஸு."

அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவன் கைக்கு வந்த துண்டில் பஸ் இருந்திருக்காது, யாரோ முன்னமே வெட்டிச் சுற்றுக்கு விட்டிருப்பார்கள். "அந்த வரி எங்களுக்கும் புரியல மேடம். ஆனா தியேட்டர்ல ஒர்க் ஆகும்னு தெரிஞ்சது" என்றான். இப்படி ஒரு பிழைப்பு.

வெள்ளிக்கிழமை முதல் எல்லாத் தியேட்டருக்கும் மாற்றிய படம் போய்விடும், குரல் இருக்காது, தண்ணீர்க் காட்சியையும் கிராபிக்ஸில் புதிதாகச் செய்கிறோம் என்றான். "திருப்தியா மேடம்?" என்று வேறு கேட்டான். கண்டபடி ஏசிவிட்டேன். ஷமீம் வந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

ஆகஸ்ட் 20, புதன்

அத்தையைக் கூட்டிப்போகலாம் என்று முடிவு செய்தேன். நாளைக்கு. வெள்ளிக்கிழமைக்குள் போனால்தான் உண்டு. சொன்னதும் எழுந்து போய்த் தலைக்குக் குளித்தாள். ரசம் சாதம் சாப்பிட்டாள். அத்தைக்காகத்தான் போகிறேன். எனக்கு அங்கே வேலை இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

எங்கிருந்து எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேட்னி. ஆட்டோவில் போனோம். அத்தை நல்ல சேலை கட்டியிருந்தாள், நாத்தனார் கல்யாணத்துக்கு எடுத்தது. நடுவரிசையில் உட்கார்ந்தோம். பின்னால் பையன்கள். பாலிடெக்னிக் அடையாள அட்டைகளைக் கழுத்திலேயே மாட்டியிருந்தார்கள்.

முதல் பாதி முழுக்க அத்தை கையைக் கட்டிக்கொண்டு, கோயிலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். இடைவேளைக்குப் பிறகு பாலம் வரப்போகிறது என்று தெரிந்து அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

பாலம் வரவில்லை. வேறு ஏதோ தண்ணீர் வந்தது, பாட்டிலில் அடைத்த மாதிரி நீலமாக. அதில் அந்த முள்ளு முதுகு. ஒரு குரல் வந்தது. "என்னமோ வருதுலே! எடுலே பின்னாலே!" மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு எங்கள் பேச்சைப் பேசும் எவனோ ஒருத்தன்.

ஒரு நாள் முன்னதாகவே மாற்றிவிட்டார்கள்.

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இது எம்புள்ள இல்லியே."

நான்தான் எடுக்கச் சொன்னேன்.

அந்த நேரம் பின்னாலிருந்த பையன்கள் கத்தினார்கள். பலமுறை பார்த்தவர்கள் போலிருக்கிறது, திரையில் வந்த மாதிரி இல்லை, பழைய மாதிரி. அந்த வேகம், அந்தப் பிசிறு, எல்லாம் அச்சாக. "வராதிய! என்னமோ வருதுல! எடுல பின்னால!"

அத்தை எழுந்து, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பிவிட்டாள்.

"மக்கா, இப்பச் சொன்னது ஆரு?"

சிரித்தார்கள். "இவன்தான் ஆச்சி, ஏன், பயந்துட்டியளா?"

"இன்னொரு தரம் சொல்லு."

மறுபடி சிரிப்பு. அந்தப் பையன் எழுந்து நின்று, மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காதவன், கையை ஆட்டிக்கொண்டு கத்தினான். அத்தை கண்ணை மூடிக் கேட்டாள்.

"கடைசியில இழுக்காத. அவன் வெட்டிச் சொல்லுவான். எடுல, அம்புட்டுதான்."

"ஆரு ஆச்சி?"

"எம்புள்ள. அது எம்புள்ள சொன்னது. பஸ்ஸுல வந்தவியளப் பாத்துச் சொன்னான். அப்பத்தான் செத்தான்."

ஒருத்தன், "இதுவும் ப்ரமோஷனால?" என்று போனை எடுத்தான். எனக்குள் அடைத்துவைத்திருந்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது. போனைப் பிடுங்கினேன். தியேட்டருக்கே கேட்கும்படி கத்தினேன். சிரிங்கல, இப்பச் சிரிங்க, பெத்தவ நிக்கா, கட்டினவ நிக்கேன், எங்க மூஞ்சியப் பாத்துச் சிரிங்க என்றேன். இன்னும் என்னென்னவோ. டார்ச் அடித்துக்கொண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். திரையில் அந்த முதுகு பாட்டுக்கு எவனையோ விரட்டிக்கொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அந்த மீசை முளைக்காத பையன் அழுதுவிடுவான் போல நின்றான். "எங்களுக்குத் தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது" என்றான். அத்தை அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். எனக்கு அதுவும் ஆத்திரமாக வந்தது. தட்டிக்கொடுக்க என்ன இருக்கிறது?

ஆட்டோவில் வரும்போது அத்தை கேட்டாள். "முழுசா எடுத்த வீடியோ யார்ட்டயாவது இருக்கும்லா?"

ஆகஸ்ட் 23, சனி

ஷமீமிடம் கேட்டேன். தேடித் தருகிறேன் என்றாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. முதல் தடவையாக எதையும் என் முகத்துக்கு நேரே நீட்டவும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பார்த்தோம். அத்தையின் கட்டிலில் உட்கார்ந்து, போனைத் தலையணைமேல் சாய்த்துவைத்து.

பஸ்ஸின் முன்கண்ணாடி. வைப்பர் ஆடுகிறது. தண்ணீருக்குள் முழங்காலளவு நின்று அவர் கையை ஆட்டுகிறார். முகம் நன்றாகத் தெரிகிறது. தியேட்டரில் அந்தப் பேச்சோடு வெட்டிவிட்டார்கள். இதில் அதற்குப் பிறகும் ஓடுகிறது. பஸ் பின்னால் நகர்கிறது. உள்ளே யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் கத்துகிறார்கள். "அண்ணாச்சி, ஏறுங்க! ஓடியாங்க அண்ணாச்சி!" ஒரு குழந்தை வீரிடுகிறது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கையை நீட்டுகிறார். தண்ணீரில் நிற்கும் இவர் என்னவோ பதில் சொல்கிறார். தண்ணீர் இரைச்சலில் கேட்கவில்லை. திரும்பி நடக்கிறார். வீடியோ எடுத்த பெண்ணின் குரல்: "ஐயோ, யாராவது அவரப் புடிங்களேன்." பிறகு பஸ்ஸின் தரை.

"ஏறிருய்யா ராசா" என்று அத்தை போனைப் பார்த்துச் சொன்னாள். மூன்று முறை பார்த்தோம். மூன்று முறையும் சொன்னாள்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்த பஸ்ஸில் வந்தவர்கள் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார்கள். நான் உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அத்தைதான் பேசி அனுப்பினாள். வீடியோ எடுத்த பெண் அன்றைக்கு ஒரு போன் நம்பர் கொடுத்திருக்கிறாள். காலண்டர் ஓரத்தில் எழுதி அதைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள் அத்தை, என்னிடம் சொல்லாமல்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கூப்பிட்டேன். எஸ்தர் என்று பெயர். அங்கன்வாடியில் வேலை. நான் யாரென்று சொன்னதும் அழ ஆரம்பித்துவிட்டாள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

"ஏறச் சொன்னியளே, அவரு என்னமோ சொன்னாருல்லா. என்ன சொன்னாரு? வீடியோவுல கேக்கலை."

அவள் தயங்கினாள். "விடுங்கக்கா, இப்ப எதுக்கு?"

"சொல்லு."

"வண்டி அந்தப் பக்கம் நிக்கு, நீங்க போங்கன்னாருக்கா."

"வேற?"

"அம்புட்டுதான்க்கா. சிரிச்சுட்டேதான் சொன்னாரு."

போனை வைத்துவிட்டேன்.

வண்டி. கம்பெனி வண்டி. உள்ளே பாதி பிஸ்கட் பெட்டி. கரைமேல் ஏற்றி நிறுத்தியிருந்ததால் தண்ணீர் டயரைக்கூடத் தொடவில்லை. அடுத்த வாரமே வேறு ஆளைப் போட்டு ஓட்டிவிட்டார்கள், இப்போதும் சந்தையில் எனக்கு எதிரே வருகிறது.

கூடத்தில் அவர் படத்தின் முன்னால் போய் நின்றேன். இத்தனை நாள் யார் யாரையோ ஏசினேனே, அது எதுவும் ஏச்சே இல்லை. "ஏறித் தொலைக்க வேண்டியதுதான? அத்தன பேரு கூப்பிட்டாவல்லா? வண்டியாம் வண்டி! அது என்ன உம்ம அப்பன் வீட்டு வண்டியா? நான் இங்க சோத்த ஆக்கி வச்சிட்டு உக்காந்திருக்கேன், நீரு பிஸ்கட்டுக்குக் காவலுக்குப் போறீரோ?" தொண்டை கட்டும்வரை கத்தினேன். எதிர்வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

அத்தை தடுப்பாள் என்று நினைத்தேன். வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நல்லாக் கேளு" என்றாள்.